யோசனையால் வந்த தலையிடியா?

வன்னிப் பெண்ணொருத்தி தலையிடி என்று வாய்திறந்தால் அவளுக்கான மறுமொழி ஆயத்தமாகவே இருக்கிறது: “யோசனைதான் காரணம், பட்டது கொஞ்சமா?” அயலார் சொல்கின்றனர், படித்தவர்களாகிய நாமும் சொல்கின்றோம். இரண்டு பனடோலோடு விசாரணை முடிகிறது. 2009ஆம் ஆண்டின் துயரை மதிப்பதுபோற் தோன்றும் இவ்வநுதாபம், உண்மையில் அவளுடலை ஆராயாது விடுவதற்கு நாம் கண்டுபிடித்த சாட்டேயாகும்.

இலங்கைப் பெண்களை அதிகமாகப் பீடிக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். கட்டியை அகற்றிச் சில ஆண்டுகள் சென்றபின்னரும் அது மூளைக்குப் பரவக்கூடும். காலையில் மிகும் தலையிடி, வாந்தி, பார்வை மங்கல், ஒருபக்கக் கைகாற் சோர்வு, வலிப்பு என்பன அதன் அறிகுறிகள். வலிப்பைப் பேயென்று கருதிக் கோயில் வாசலுக்கு ஓடுவோரைக் கண்டிக்கும் நாம், ‘யோசனை’ என்னும் நாகரிகப் பேயை மட்டும் போற்றி வளர்ப்பதேன்?

‘ஹேர்-2’ புரதம் மிகுந்த வகைப் புற்றுநோய் மூளையை நாடுவதில் முன்னிற்பது. அதற்குரிய டிராஸ்டுசுமாப் மருந்து ஏனைய உறுப்புகளில் நோயை அடக்கி ஆயுளை நீட்டுகிறது. எனினும் அதன் பெரிய மூலக்கூறு குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை எளிதிற் கடப்பதில்லை. மூளையிலும் பயன்தரும் டுகாட்டினிப் என்ற குளிசைக்கு அமெரிக்கா 2020இல் அனுமதி வழங்கியது. அதன் விலையோ நம் கூலிக்காரி காதாற் கேட்கவும் ஆகாதது.

நோயைக் கண்டறிவதிலும் வன்னிக்கென்றே ஓர் இடர் உண்டு. மூளைப் பரவலை நுணுக்கமாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. படம். உடலிற் ஷெல் துண்டு தாங்கி வாழ்பவளை அவ்வலிய காந்தத்தினுள் எடுத்தவுடன் அனுப்பலாகாது. இரும்பு அசைந்து ஊறு செய்யலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்குள்ளதென்று பார்த்தாக வேண்டும், சிலருக்கு சி.ரி. படமே கதி. போர் ஓய்ந்தது என்கிறார்கள். அதன் இரும்பு இன்னும் வைத்தியனுக்குக் குறுக்கே நிற்கிறது!

கதிர்ச்சிகிச்சை கிளிநொச்சியில் இல்லை, முல்லைத்தீவில் இல்லை, வவுனியாவில் இல்லை. தெல்லிப்பழை, மகரகமை போன்ற வேறிடங்களுக்குப் போகவேண்டும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையும் எவ்வாறு எழுந்தது? 2011இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தோர் திரட்டிய நன்கொடையால். நடந்த கால்களுக்கு நம் வணக்கம். ஆனால் குடிகளின் உயிர்காக்கும் கடமையை ஓர் அரசு உண்டியலிடம் ஒப்படைத்துவிட்டுத் திறப்புவிழாவில் மாலை சூடுவது எவ்வகை நியாயம்? மூளை முழுவதற்குமான கதிர்ச்சிகிச்சை பெரும்பாலும் ஐந்து அல்லது பத்து நாட்களுக்கு நீளும். அத்தனை நாளும் கூலியிழந்து, பஸ் மாறி, பிள்ளைகளை அயல்வீட்டில் விட்டு எந்தக் குடும்பத் தலைவி போவாள்? வழிச்செலவும் தங்குமிடமும் சிகிச்சையின் பகுதியென்று ஏற்கப்படாதவரை ‘இலவச வைத்தியம்’ என்பது அவளுக்கு வெறும் சொல்.

அரசைச் சாடியதோடு ஆசிரியர்களாகிய நமது வேலை தீர்ந்துவிடவில்லை. தாய்க்குத் தலையிடியென்று வகுப்புக்கு வராத பிள்ளையிடம் கடிதம் கேட்கிறோம். அத்தாய்க்கு முன்பு மார்பிற் சத்திரசிகிச்சை நடந்ததா என்று விசாரிக்கிறோமா? நடந்திருந்தால், அவள் அந்த வாரமே புற்றுநோய் கிளினிக்குக்குப் போகவேண்டியவள்.