விலையைக் குறைப்பதும் அறிவியலே

மாணவ நண்பர்களே, 'சோடாப்புட்டிக் கண்ணாடி' என்ற சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இன்று அது வெறும் கேலிச் சொல்லாகிவிட்டது. 1980-களிலோ, கண்புரை அறுவை செய்துகொண்ட முதியவர்களில் பெரும்பாலோரின் மூக்கில் அது ஏறி உட்கார்ந்திருந்தது. அது எப்படி மறைந்தது என்று கேட்டால், "செயற்கை லென்சைக் கண்டுபிடித்தார்கள், மறைந்தது" என்பீர்கள். அந்த விடை பாதிதான் சரி. கண்டுபிடிப்பு 1949-லேயே நிகழ்ந்துவிட்டது. நம் ஊர்ப் பாட்டிமார்களின் கண்ணுக்கு அது பரவலாக வந்து சேர மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்த இடைவெளியைக் கடந்ததும் ஓர் அறிவியல் சாதனைதான். கண்டுபிடிப்புக்கு அது ஒரு படியும் குறைந்ததன்று என்பது என் துணிபு.

முதலில் சிக்கலைப் பார்ப்போம். நம் கண்ணின் குவிக்கும் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். இதில் மூன்றில் இரண்டு பங்கு, முன்புறமுள்ள கார்னியாவுடையது. மீதி 20 டயாப்டர் உள்ளேயிருக்கும் லென்சுடையது. வயதாக ஆக இந்த லென்சிலுள்ள புரதங்கள் திரண்டு, கண்ணாடிபோல் இருந்தது பால்போல் மங்குகிறது. இதுவே கண்புரை. மருந்து ஊற்றி இதைத் தெளியவைக்க இன்றுவரை வழியில்லை. லென்சை எடுத்தே ஆகவேண்டும். எடுத்துவிட்டால் 20 டயாப்டர் போய்விடுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்யத்தான் தடித்த கண்ணாடி. (கண்ணுக்குள் 20 டயாப்டர் செய்த வேலையை, கண்ணுக்கு வெளியே 10 டயாப்டர் லென்சே செய்துவிடும். ஏன் என்பதைக் கதிர்ப்படம் வரைந்து பாருங்கள்; தேர்வில் கேட்காவிட்டாலும் சுவையான கணக்கு.)

ஆனால் அந்தக் கண்ணாடி காட்டும் உலகம் வேறு. பொருள்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். நேரான கதவு நிலை வளைந்து நிற்கும். பக்கவாட்டில் வளையமாக ஒரு பகுதி கண்ணுக்கே படாது. அங்கிருந்து ஆள் திடீரென்று முளைப்பார். ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்திருந்தால், பெரிய பிம்பத்தையும் சிறிய பிம்பத்தையும் மூளையால் ஒட்டவைக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வயலிலோ சந்தையிலோ கண்ணாடி விழுந்து உடைந்தால் மனிதர் மறுபடியும் குருடர்தான்.

லென்சைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன? இந்த வழியைத் திறந்தவர் இங்கிலாந்தின் ஹெரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கூண்டு 'பெர்ஸ்பெக்ஸ்' என்னும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆனது. குண்டு பட்டு அது சிதறியபோது துணுக்குகள் சிலருடைய கண்ணுக்குள் புகுந்தன. இரும்புத் துகளையோ மரத்துணுக்கையோ கண் பொறுக்காது, சிவந்து வீங்கும். இந்தத் துணுக்குகளோ ஆண்டுக்கணக்கில் உள்ளே சும்மா கிடந்தன. அதைக் கவனித்த ரிட்லி, அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்சு செய்வித்து, 1949 நவம்பர் 29-ஆம் நாள் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். லென்சு கண்ணில் தங்கியது. ஆனால் திறன் மிகையாகி, நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது! மூத்த மருத்துவர்கள் பலர் ரிட்லியின் முயற்சியையே வெறுத்தனர். கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதே மருத்துவரின் வேலை, வைப்பதா என்று கேட்டனர். 2000-ஆம் ஆண்டில்தான், தம் 90 வயதுக்குப் பின், அவர் 'சர்' பட்டம் பெற்றார்.

முதல் லென்சின் திறன் ஏன் தவறியது? கண்ணை அளக்கும் கருவிகள் வளரவில்லை என்பதும் ஒரு காரணம். பின்னர் கண்ணின் நீளத்தைக் கேளா ஒலியாலும், கார்னியாவின் வளைவைக் கெரட்டோமீட்டராலும் அளந்தார்கள். 1980-இல் வந்த ஒரு வாய்பாடு உங்கள் கணக்குக்கு எட்டக்கூடியது: லென்சின் வகைக்குரிய மாறிலியிலிருந்து, கண்ணின் நீளத்தைப் போல் 2.5 மடங்கையும், கார்னியாவின் திறனைப் போல் 0.9 மடங்கையும் கழிக்கவேண்டும். மாறிலி 118.4, நீளம் 23.5 மில்லிமீட்டர், கார்னியா 44 டயாப்டர் என்றால் விடை ஏறத்தாழ 20. நீளத்தை ஒரே ஒரு மில்லிமீட்டர் தவறாக அளந்தால் 2.5 டயாப்டர் பிசகும். இன்று ஒளியாலேயே நீளத்தை அளக்கிறார்கள்; வாய்பாடுகளும் நுட்பமாகிவிட்டன.

இப்படி லென்சு பக்குவப்பட்டபின்னும், 1980-களில் வல்லுநர்கள் பலர் ஏழை நாடுகளுக்கு அது தேவையில்லை என்று கருதினர். புரையை எடுத்துக் கண்ணாடி கொடுத்தால் போதும், லென்சு ஆடம்பரம் என்பது வாதம். பணம் குறைவு, நோயாளிகள் ஏராளம் என்ற நிலையில் இது கொடுமையான வாதம் அன்று, கணக்குப் பார்த்த வாதமே. ஆனால் விலை மாறாது என்று அந்தக் கணக்கு நம்பியது. அங்கேதான் பிழை.

மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இந்த வாதத்தை இரண்டு வழிகளில் சந்தித்தது. ஒன்று, சோதனை. இரு கண்ணிலும் பார்வையிழந்த 3,400 பேரில் பாதிப்பேருக்குக் கண்ணாடி முறையும் பாதிப்பேருக்கு லென்சு முறையும் குலுக்கல்போல் ஒதுக்கி அங்கே ஆய்வு நடந்தது. முடிவுகள் 1998-இல் வெளிவந்தன. லென்சு பாதுகாப்பானது, அன்றாட வாழ்க்கைக்கு அதுவே மேலானது என்று தெரிந்தது. மற்றொன்று, தொழிற்சாலை. வெளிநாட்டு லென்சு ஒன்று 100 டாலர் அளவில் விற்ற காலத்தில், 1992-இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம் அதை மதுரையிலேயே செய்து 10 டாலர் அளவுக்கு இறக்கியது. பிறகு இன்னும் கீழே. அது ஐரோப்பியத் தரச்சான்றும் பெற்றது. அதன் லென்சு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

"இது வெறும் உற்பத்திதானே?" என்பீர்கள். வெறும் உற்பத்தியா! 6 மில்லிமீட்டர் அகலமுள்ள லென்சைக் கடைந்து, கீறல் இல்லாமல் மெருகேற்ற வேண்டும். கிருமி நீக்க வேண்டும். ஆனால் நீராவியில் வேகவைத்தால் இந்தப் பிளாஸ்டிக் இளகி வடிவம் கெடும். கிருமிநாசினியில் ஊறவைக்கலாமென்றால், ரிட்லியின் லென்சுகளில் அந்த மருந்தின் மிச்சமே கண்ணை அழற்சிக்கு உள்ளாக்கியது. ஆகவே எத்திலீன் ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்துகிறார்கள். பிறகு அந்த வாயுவின் சுவடும் நீங்கவேண்டும். இத்தனையையும் ஒரு லென்சுக்குச் செய்வது திறமை. இலட்சக்கணக்கில், பிசகாமல், மலிவாகச் செய்வது அதனினும் பெரிய திறமை.

அறுவைக் கருவிகளிலும் இதே கதைதான். பல் மருத்துவரின் கேளா ஒலிக் கருவியைப் பார்த்து, அமெரிக்கரான சார்லஸ் கெல்மன் 1967-இல் புரையை உள்ளேயே நொறுக்கி உறிஞ்சும் முறையை உருவாக்கினார். 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை போதும். மடித்த லென்சு அதன் வழியே புகுந்து உள்ளே விரிந்துகொள்ளும். அருமையான முறை. ஆனால் இயந்திரம் விலையுயர்ந்தது. இயந்திரமே இல்லாமல், தையலும் தேவைப்படாமல், தானே மூடிக்கொள்ளும் சுரங்கம் போன்ற சற்றுப் பெரிய வெட்டின் வழியே கையாலேயே புரையை எடுக்கும் முறையும் உண்டு. நேபாளத்தில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2007-இல் வெளிவந்தது. பார்வை இரண்டிலும் நன்றாகவே இருந்தது. கைமுறை விரைவானது, மலிவானது. பளபளக்கும் இயந்திரம் இருக்கும் இடம்தான் முன்னேற்றம் என்று எண்ணுகிறவர்கள் இதைப் படிக்கவேண்டும்.

இன்னும் தீராத குறை ஒன்றுண்டு. உங்கள் வயதில் கண்லென்சு, புத்தகத்துக்கும் கரும்பலகைக்கும் ஏற்பத் தன் வளைவை மாற்றிக்கொள்ளும். வழக்கமான செயற்கை லென்சு அதைச் செய்யாது. எட்டப் பார்க்க வைத்தால், படிக்கக் கண்ணாடி வேண்டும். பல குவியங்கள் கொண்ட லென்சுகள் வந்துள்ளன; விலை அதிகம், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதாகச் சிலர் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் லென்சு வைத்திருந்தால், மருத்துவமனை தந்த அட்டையை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதில் லென்சு உறையிலிருந்து எடுத்த ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும். அதில் டயாப்டர் எண்ணைத் தேடுங்கள். அது 20-க்கு மிகவும் குறைவாக இருந்தால், அவர் கண் சராசரியை விட நீளமானதாக இருக்கக்கூடும். ஏன் என்பதற்கான வாய்பாடு மேலே இருக்கிறது.