ஹிட் படங்களில் சம்பாதித்தார்... சொந்தப் படங்களில் இழந்தார்!

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று எந்த ஊர் தியேட்டரில் போய் உட்கார்ந்தாலும், படம் தொடங்கும் முன் திரையில் ஒரு சென்சார் சான்றிதழ் வரும். அதில் ‘யு’ என்றோ ‘ஏ’ என்றோ போட்டிருக்கும். பாப்கார்ன் பாக்கெட்டைப் பிரிக்கும் அவசரத்தில் பெரும்பாலும் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

அந்த ஓர் எழுத்துக்காக, வெறும் 16 நிமிடப் படத்தை எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போனார் ஒருவர். கேட்டது கிடைத்த பிறகும் வழக்கை விடவில்லை. அவர் பெயர் க்வாஜா அகமது அப்பாஸ்.

பெயர் பலருக்குப் பரிச்சயம் இல்லாமல் இருக்கலாம். ‘ஆவாரா’, ‘ஸ்ரீ 420’, ‘பாபி’ என்று ராஜ் கபூர் இயக்கிய வெற்றிப் படங்களுக்கு எழுதியவர் அவர்தான். அமிதாப் பச்சனுக்கு முதல் பட வாய்ப்பு கொடுத்தவரும் அவரே.

பானிப்பட்டிலிருந்து பம்பாய்க்கு...

1914 ஜூன் 7-ம் தேதி பானிப்பட்டில் பிறந்தவர் அப்பாஸ். உருதுக் கவிஞர் ஹாலியின் வழிவந்த குடும்பம். அலிகார் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். ஆனால் கறுப்புக் கோட்டு மாட்டவில்லை. 1935-ல் பம்பாய்க்குப் போய் ‘பாம்பே க்ரானிக்கிள்’ பத்திரிகையில் சேர்ந்தார்.

அங்கே சினிமா விமர்சனமும் எழுதினார். அடுத்தவர் படங்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர், தானே எழுதிப் பார்க்கலாம் என்று இறங்கினார். 1941-ல் அவர் கதையில் ‘நயா சன்சார்’ வந்தது. பத்திரிகை உலகத்தைப் பற்றிய படம். பின்னாளில் தன் சொந்தப் படக் கம்பெனிக்கும் அதே பெயரை வைத்தார்.

இன்னொரு பக்கம் உருதுவில் சிறுகதைகள். ‘அபாபீல்’ கதை அவருக்குப் பெரிய பெயரைத் தந்தது. அடித்து உதைத்தே மனைவி, மக்களைத் துரத்திவிட்ட ஒரு முரட்டு விவசாயி, கடைசியில் தன் வீட்டுக் கூரையில் கூடு கட்டிய குருவிகளிடம் மனம் கரைந்துபோகும் கதை. பிரிவினைக் கலவரத்தை வைத்து அவர் எழுதிய ‘சர்தார்ஜி’ கதைக்கு எதிர்ப்பும் வழக்கும் வந்தன. தன் சீக்கிய அண்டை வீட்டுக்காரரைக் கேவலமாக நினைத்த ஒரு முஸ்லிமை, அதே சீக்கியர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவதுதான் கதை. மத வெறுப்புக்கு எதிராக எழுதப்பட்டது, அவசரமாகப் படித்தவர்களால் வெறுப்புக் கதையாகப் பார்க்கப்பட்டது.

பஞ்சமும் ‘ஆவாரா’வும்

அப்பாஸ் முதன்முதலில் இயக்கிய படம் ‘தர்த்தி கே லால்’ (1946). வங்கப் பஞ்சத்தைப் பற்றியது. இப்டா நாடகக் குழுவினர் நடித்தார்கள். ரவிசங்கர் இசையமைத்தார். நிலத்தை இழந்த ஒரு குடும்பம் பிழைப்புத் தேடி கல்கத்தா தெருக்களுக்கு வரும் கதை. அதே ஆண்டு அவர் எழுத்தில் சேத்தன் ஆனந்த் இயக்கிய ‘நீச்சா நகர்’, கான் திரைப்பட விழாவில் உயரிய பரிசு பெற்றது.

அடுத்து ‘ஆவாரா’. ஒருவன் குற்றவாளியாவது அவன் ரத்தத்தாலா, வளர்ந்த சூழலாலா என்பதுதான் கதையின் கேள்வி. முதலில் மெஹபூப் கானிடம்தான் கதை போனது. அப்பா, மகன் வேடங்களில் யாரைப் போடுவது என்பதில் ஒத்துப்போகவில்லை. அப்பாஸ் கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அது ராஜ் கபூரிடம் வந்தது. நிஜ அப்பா பிருத்விராஜ் கபூரே படத்திலும் அப்பாவாக நடித்தார். 1951-ல் வெளியான படம் சோவியத் யூனியன் வரை போய் ஓடியது.

1955 ஜனவரியில் நம் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சோஷலிச பாணி சமுதாயம்தான் நாட்டின் இலக்கு என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அதே ஆண்டு வந்தது ‘ஸ்ரீ 420’. நேர்மைக்காக வாங்கிய மெடலோடு வேலை தேடி பம்பாய் வரும் பட்டதாரி, அந்த மெடலை அடகு வைக்கிறான். 100 ரூபாய்க்கு வீடு தருகிறோம் என்று ஏழைகளிடம் பணம் பறிக்கும் கூட்டத்தில் சேர்கிறான். ஆவடியில் தீர்மானமாகப் பேசப்பட்டது, அப்பாஸ் கையில் எல்லோரும் ரசிக்கும் கதையானது. வீடு, மனை என்று நம்பிப் பணம் கட்டி ஏமாந்தவர்களுக்கு அந்தக் கதை இன்றும் பழசாகத் தெரியாது.

வந்த பணம் போன வழி

ராஜ் கபூருக்கு எழுதிய படங்கள் கொட்டிக் கொடுத்தன. ஆனால் அப்பாஸ் சொந்தமாக எடுத்த படங்கள் பெரும்பாலும் கையைக் கடித்தன. அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. வெளியே எழுதிச் சம்பாதிப்பார், அதை உள்ளே போட்டுப் படம் எடுப்பார்.

1954-ல் பாட்டே இல்லாமல் ‘முன்னா’ எடுத்தார். அதே ஆண்டுதான் தமிழில் எஸ்.பாலசந்தரின் ‘அந்த நாள்’ பாட்டில்லாமல் வந்தது. 1957-ல் சோவியத் கூட்டுத் தயாரிப்பில் ‘பர்தேசி’. அதில் நர்கிஸோடு நம் பத்மினியும் நடித்தார். 1963-ல் ‘ஷெஹர் அவுர் சப்னா’. பம்பாயில் வீடு கிடைக்காமல் கழிவுநீர்க் குழாய்க்குள் குடித்தனம் நடத்தும் ஜோடியின் கதை. அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான். சென்னைச் சேரி வாழ்க்கையைப் படமாக்கிய ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ ஞாபகத்துக்கு வரலாம். அதுவும் எழுத்தாளர் ஒருவர் தானே இயக்குநராகி எடுத்த படம்தான்.

1969-ல் ‘சாத் ஹிந்துஸ்தானி’. கோவா விடுதலைக்காகப் போராடும் ஏழு பேரின் கதை. வாய்ப்புக் கேட்டு வந்த நெட்டையான இளைஞர், கவிஞர் ஹரிவம்சராய் பச்சனின் மகன் என்று தெரிந்ததும், அப்பாஸ் முதலில் செய்த காரியம் அப்பாவின் சம்மதத்தைக் கேட்டதுதான். பையன் வீட்டைவிட்டு ஓடி வந்திருப்பானோ என்ற சந்தேகம்! சம்பளம் 5,000 ரூபாய்.

நான்கு நகரங்கள், ஒரு வழக்கு

அதற்கு முந்தைய ஆண்டு அப்பாஸ் எடுத்த குறும்படம் ‘நான்கு நகரங்களின் கதை’. கல்கத்தா, பம்பாய், டெல்லி, நம் மெட்ராஸ். நான்கிலும் பணக்காரர்களின் சொகுசையும் ஏழைகளின் அவலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதியும் வந்தது.

தணிக்கைக் குழு ‘ஏ’ என்றது. மேல்முறையீட்டில், சில காட்சிகளை வெட்டினால் ‘யு’ தருகிறோம் என்றது அரசு. அப்பாஸ் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு இறங்கிவந்து, வெட்டு இல்லாமலே ‘யு’ தருகிறோம் என்றது.

வேறொருவர் என்றால் அத்தோடு பெட்டியைக் கட்டியிருப்பார். அப்பாஸ் மனுவை மாற்றினார். ‘என் படம் மட்டும் பிரச்னை அல்ல. படம் வெளிவரும் முன்பே தணிக்கை செய்வது சரியா? பத்திரிகைக்கு இல்லாத கட்டுப்பாடு சினிமாவுக்கு மட்டும் எதற்கு?’ என்பது அவர் வாதத்தின் சாரம்.

1970 செப்டம்பரில், தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. முன்தணிக்கை செல்லும் என்றது. அந்த வகையில் அப்பாஸுக்குத் தோல்வி. ஆனால் படத்தைக் கலையாகப் பார்க்கத் தணிக்கை விதிகளில் இடம் வேண்டும், பாலியல் விஷயம் வந்துவிட்டாலே ஆபாசம் ஆகிவிடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முடிவெடுக்கக் காலக்கெடு வேண்டும், மேல்முறையீட்டை அரசு அல்லாத ஓர் அமைப்பு விசாரிக்க வேண்டும் என்ற அவர் கோரிக்கைகளை அரசு தரப்பே ஏற்றுக்கொண்டது. பின்னர் 1983-ல் தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வந்தது. 2021-ல் அது கலைக்கப்பட்டது. இப்போது படக்காரர்கள் உயர் நீதிமன்றப் படியேற வேண்டும்.

கடைசிவரை கடைசிப் பக்கம்

70-க்கும் மேற்பட்ட புத்தகங்கள், ஏராளமான படங்கள் என்று ஓடியவர் ஒன்றை மட்டும் நிறுத்தவே இல்லை. 1935-ல் ‘பாம்பே க்ரானிக்கிள்’ பத்திரிகையில் தொடங்கிய ‘லாஸ்ட் பேஜ்’ பத்தி அது. பிறகு ‘பிளிட்ஸ்’ வார இதழுக்கு இடம் மாறியது. எந்தப் படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும், வாரம் தவறாமல் அந்தப் பக்கத்தை நிரப்பிக் கொடுத்தார். 1987 ஜூன் 1-ம் தேதி அவர் இறக்கும்வரை, சுமார் 52 ஆண்டுகள் அந்தப் பத்தி வந்தது. அவர் எழுதிய ‘ஹென்னா’ படம் அவர் போன பிறகுதான், 1991-ல் வெளியானது.

தணிக்கைத் தகராறில் படங்கள் கோர்ட்டுக்குப் போகும்போது, வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது ‘கே.ஏ.அப்பாஸ்’ வழக்கைத்தான்.