வாயசைத்தது போதும்... பாடுங்கள்!



உங்கள் பள்ளியில் ஆண்டு விழா வரப்போகிறதா? அப்படியானால் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். கொஞ்சம் சண்டை போடவும் வேண்டும்!

சிங்கப்பெருமாள் கோயிலில் எங்கள் தெருவில் ஒரு சிறுமி இருக்கிறாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போதும் பாடுவாள். தம்பிக்குச் சோறு ஊட்டும்போதும் பாடுவாள். அவள் பாட ஆரம்பித்தால், எதிர் வீட்டுப் பாட்டி டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.

அவளுடைய பள்ளி ஆண்டு விழாவுக்கு நானும் போயிருந்தேன். வள்ளி வேஷம் போட்டிருந்தாள். கையில் கவண். அட்டையில் செய்த பரண் மேல் நின்று கிளி விரட்டினாள். பாட்டும் வந்தது. ஆனால், குரல் அவளுடையது இல்லை! பென் டிரைவில் இருந்த யாரோ ஒருவரின் குரல். இவள் வாயை மட்டும் அசைத்தாள்.

திடீரென்று பாட்டு நின்றுபோனது. ஒயரில் ஏதோ கோளாறு. பாட்டு நின்ற பிறகும் இரண்டு நொடி அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. கூட்டம் 'கொல்'லென்று சிரித்தது. அவள் அழுதுகொண்டே உள்ளே ஓடிவிட்டாள்.

மறுநாள் அவளிடம், "நீயே பாடியிருக்கலாமேம்மா?" என்று கேட்டேன்.

"நானே பாடுறேன்னுதான் கேட்டேன் மாமா. நடுவுல தப்பு வந்துடும், ரெக்கார்டு போட்டாதான் பத்திரம்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

பத்திரமாக இருக்கட்டும் என்று போட்ட ரெக்கார்டுதானே அவளை அழவைத்தது? ஒயர் போனால் பாட்டும் போய்விடும். தொண்டைக்கு ஒயர் கிடையாதே!

இந்த இடத்தில் உங்களுக்கு ஒருவரை அறிமுகப்படுத்த ஆசைப்படுகிறேன். அவர் பெயர் கே.பி.சுந்தராம்பாள். 'கே' என்றால் கொடுமுடி. ஈரோடு பக்கம், காவிரிக் கரையில் உள்ள ஊர். 1908-ம் ஆண்டு அங்கே பிறந்தார். வீட்டில் வறுமை. சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கியிருக்கிறார். நம் ஊர் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகிற மின்சார ரயிலில் கண் தெரியாதவர்கள் பாடிக்கொண்டு வருவார்களே, அதுபோலத்தான்.

அந்தக் குரலைக் கேட்டு அசந்துபோனவர்களால் அவருக்கு நாடக மேடை கிடைத்தது. சிறு பிள்ளை வேஷங்களில் தொடங்கினார். ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளை பாடிச் சம்பாதிக்க வேண்டிய நிலை நல்ல நிலை இல்லை. அது யாருக்கும் வரக் கூடாது. நாம் பார்க்க வேண்டியது, அந்தக் குரலை அவர் எப்படி வளர்த்தார் என்பதைத்தான்.

அந்தக் காலத்து நாடகம் எப்படி இருக்கும் தெரியுமா? கதையில் பாதிக்கு மேல் பாட்டுதான். நடிக்கிறவரே பாட வேண்டும். மைக் கிடையாது. பக்கத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும் இருக்கும். கொட்டகையில் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் ஒவ்வொரு சொல்லும் விழ வேண்டும். விழாவிட்டால் சத்தம் போட்டுவிடுவார்கள்! அந்த மேடையில் விடிய விடியப் பாடி வளர்ந்த குரல் அவருடையது.

சுந்தராம்பாள் இலங்கைக்கும் போய் நடித்தார். 1926-ம் ஆண்டு அங்கே செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி.கிட்டப்பாவைச் சந்தித்தார். அவரும் பாடி நடிப்பவர். இரண்டு பேரும் சேர்ந்து நடித்த நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. 1927-ல் திருமணம் செய்துகொண்டார்கள். ஆனால், 1933-ம் ஆண்டு டிசம்பரில் கிட்டப்பா இறந்துவிட்டார். அவருக்கு வயது 27 தான். சுந்தராம்பாளுக்கு 25.

கணவனை இழந்த பெண் வீட்டு மூலையில் இருக்க வேண்டும் என்று ஊர் சொன்ன காலம் அது. அவர் வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டார். இனி எந்த நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். ஆனால், பாட்டை விடவில்லை! 1935-ல் 'நந்தனார்' படத்தில் நடித்தார். என்ன வேஷம் தெரியுமா? நந்தனாராகவே! ஆண் வேஷம். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்று அன்று நாடே வியந்து பேசியது.

1953-ல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில் ஔவைப் பாட்டி ஆனார். உங்கள் தாத்தா, பாட்டியிடம் ஔவையார் எப்படி இருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். கே.பி.சுந்தராம்பாளின் முகத்தைத்தான் சொல்வார்கள்! பிறகு 'பூம்புகார்', 'திருவிளையாடல்' என்று படங்கள் வந்தன. 1969-ல் வெளிவந்த 'துணைவன்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு 60 வயதுக்கு மேல்! 1970-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. தமிழகச் சட்ட மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். 1980-ல் காலமானார்.

ரயில் பெட்டியில் தொடங்கிய அந்தக் குரல் சட்ட மேலவை வரைக்கும் போனது பார்த்தீர்களா? வேஷம் மாறியது. வயது மாறியது. மேடை போய் சினிமா வந்தது. மாறாமல் கூடவே வந்தது சொந்தக் குரல் ஒன்றுதான்.

"அதெல்லாம் பழைய கதை, இப்போது யார் அப்படிப் பாடுகிறார்கள்?" என்கிறீர்களா? உங்களில் பல பேர் கொரியப் பாட்டு கேட்கிறீர்கள், எனக்குத் தெரியும்! நம் ஊரிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் கொரியாக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் நாட்டில் 'பான்சோரி' என்று ஒரு கலை உண்டு. ஒரே ஒருவர் கையில் விசிறியோடு நின்று பாடியும் பேசியும் நடித்தும் முழுக் கதையையும் சொல்வார். பக்கத்தில் ஒருவர் மேளம் வாசிப்பார். அவ்வளவுதான். முழுக் கதை முடியப் பல மணி நேரம் ஆகும்! இன்றும் அங்கே புகழ்பெற்ற பாடகர்கள் பலர் இசை நாடகங்களில் நடிக்கிறார்கள். இரண்டு, மூன்று மணி நேரம் மேடையில் நின்று, நடித்துக்கொண்டே தாங்களே பாடுகிறார்கள்.

கொரியா வரைக்கும் எதற்கு? செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பாரதக் கூத்து நடக்கும். கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பான். துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையுமாகச் சுழன்று சுழன்று ஆடிக்கொண்டே பாடுவார். மூச்சு வாங்கும், ஆனாலும் பாட்டு நிற்காது. பகலில் வயல் வேலை பார்க்கிறவர் இரவில் ராஜாவாகிறார். அவருக்கு எந்தப் பென் டிரைவும் பாடிக் கொடுப்பதில்லை!

ஆகவே, என் கட்சி இதுதான். ஒவ்வொரு பள்ளி ஆண்டு விழாவிலும் ஒரு நிகழ்ச்சியாவது பிள்ளைகளின் சொந்தக் குரலில் இருக்க வேண்டும். எல்லா நடனத்துக்கும் பாட வேண்டாம். ஆடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும். அது எனக்கும் தெரியும். ஒரே ஒரு நாடகம், ஒரே ஒரு பாட்டு போதும்.

"தப்பு வந்தால்?" என்று கேட்பீர்கள். வரட்டுமே! பாடுகிற பிள்ளை ஒரு வரியை மறந்தால், அடுத்த வரியிலிருந்து பிடித்துக்கொள்ளும். கூடப் படிக்கிறவன் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பான். கூட்டமும் கை தட்டி உற்சாகப்படுத்தும். வாயசைக்கிற பிள்ளைக்குத்தான் பாட்டு நின்றால் வேறு வழியே இல்லை.

"படிப்பு கெட்டுவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. விழாவுக்காக ஒரு மாதம் வகுப்பை விட்டுவிட்டு ஒத்திகை பார்ப்பது தப்புதான். ஆனால், தினமும் 15 நிமிடம் பாடிப் பழகினால் எந்தக் கணக்கும் அறிவியலும் ஓடிப்போகாது. சத்தமாகப் பாடிப் பழகியவன் வகுப்பில் எழுந்து நின்று சந்தேகம் கேட்கவும் பயப்படமாட்டான்.

"பெண் பிள்ளைக்கு மேடை எதற்கு?" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. 1933-க்குப் பிறகு சுந்தராம்பாள் வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் நமக்கு ஔவையார் கிடைத்திருப்பாரா என்று மட்டும் கேளுங்கள்.

சரி, எப்படித் தொடங்குவது? முதலில் உங்களுக்குப் பொருளோடு தெரிந்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகச் சொல்லிப் பழகுங்கள். மைக் இல்லாமல் மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ நின்று பாடுங்கள். உங்கள் நண்பனைத் தூரத்தில் நிறுத்தி, "கேட்கிறதா?" என்று கேளுங்கள். கத்தாதீர்கள், தொண்டை கட்டிவிடும். வலித்தால் நிறுத்திவிடுங்கள். பிறகு ஆசிரியரிடம் போய், "நாங்களே பாடுகிறோம், ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்" என்று பணிவோடு சொல்லுங்கள். கேட்காமலே முடிவு செய்தால்தான் வருத்தம். கேட்டுவிட்டு வேண்டாம் என்றால், இன்னும் நன்றாகப் பழகிக்கொண்டு அடுத்த முறை போகலாம்.

எங்கள் தெருச் சிறுமி நான்கு நாள் பாடவே இல்லை. குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஐந்தாம் நாள் எதிர் வீட்டுப் பாட்டியே போய், "ஏண்டி, என் கச்சேரி எங்கே?" என்று கேட்டார். அன்று மாலை மெல்லத் தொடங்கினாள்.

அடுத்த ஆண்டும் வள்ளி வேஷம் கேட்கப் போகிறாளாம். "நானே பாடுறேன்னு மறுபடி கேட்பேன் மாமா" என்கிறாள். பள்ளியில் என்ன பதில் சொல்வார்களோ தெரியாது. ஆனால், அவள் கேட்கும்போது கூடவே இன்னும் நான்கு பிள்ளைகள் கையைத் தூக்கினால் பதில் மாறலாம், இல்லையா?

உங்கள் வகுப்பில் அந்த நான்கு பேரில் ஒருவராக நீங்கள் இருப்பீர்களா?