கடப்பதா, தங்குவதா?

பூஞ்சை எதிர்ப்பு ஜெல்களைப் பற்றி இந்திய மருந்தாக்கவியல் துறைகளில் எழுதப்படும் பல ஆய்வேடுகளில் ‘உறிஞ்சப்படுதல்’ என்ற ஒரே சொல் மூன்று பொருளில் வழங்குகிறது. மருந்து தோலுக்குள் நுழைவது வேறு. தோலில் தங்குவது வேறு. தோலைக் கடந்து குருதியில் கலப்பது வேறு. இவற்றை வேறுபடுத்தாத பிழை சொல்லோடு நிற்பதில்லை, அளவீட்டிலும் புகுந்துவிடுகிறது.

படர்தாமரைப் பூஞ்சைகள் கெரட்டினை உண்டு வாழ்பவை. அவை பெரும்பாலும் குடியிருப்பது, இறந்த உயிரணுக்களாலான மேலடுக்காகிய ஸ்ட்ராட்டம் கார்னியத்தில். உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரோமீட்டர். மருந்து நிற்க வேண்டிய இடம் அதுவே. ஆனால், ஃபிரான்ஸ் கலத்தில் சவ்வைக் கடந்து கீழறையில் சேர்ந்த மருந்தின் அளவே வெற்றியாகப் பதிவாகிறது. அந்தச் சவ்வு செலோஃபேனாக இருந்தால், அதில் ஸ்ட்ராட்டம் கார்னியமே இல்லை. இலக்கைத் தாண்டி விழுந்த அம்புகளை எண்ணி வில்லைப் புகழலாமா?

2020இல் பெயரிடப்பட்ட டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே இந்தியாவெங்கும் பரவியிருக்கிறது. அதன் பல வகைகளில், டெர்பினாஃபின் தாக்க வேண்டிய ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் நொதியே திரிந்துள்ளது. அங்கே ஊடுருவலை மட்டும் பெருக்குவது தீர்வாகாது.

ஒட்டுநாடாவால் மேலடுக்கைப் படிப்படியாக உரித்து, அதில் தங்கிய மருந்தை அளக்கும் முறை நெடுநாளாகவே உண்டு. அந்த அளவும், எதிர்ப்புப் பெற்ற பூஞ்சையின் மீதான சோதனையும் இல்லாத ஆய்வேடு, தன் தலைப்பில் ‘மேம்பட்ட’ என்று எழுதிக்கொள்ளும் உரிமையை இன்னும் ஈட்டவில்லை.