டாக்டரிடம் கேட்க வேண்டியது மருந்தை அல்ல

எஸ்.பி.எம். தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம்தான். மகனுக்குச் சளி, காய்ச்சல், தொண்டை வலி. கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் உட்காரும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்: "டாக்டர், ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைக்குச் சீக்கிரம் குணமாக வேண்டும்." பாரசிட்டமோல் மட்டும் கிடைத்தால் காசு வீண் என்று முகம் சுளிக்கிறார்கள். மருந்தின் பெயரைக் கைப்பேசியில் தேடி எடுத்துக் காட்டும் மாணவர்களும் உண்டு.

பெற்றோரின் பதற்றம் நமக்குப் புரிகிறது. ஆனால், சளிக்கும் சளிக்காய்ச்சலுக்கும் காரணம் வைரஸ். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கு எதிரான மருந்து. வைரஸை அது ஒன்றும் செய்யாது. நம் நாட்டில் காய்ச்சல் டிங்கியாகவும் இருக்கலாம். அதுவும் வைரஸ்தான். அப்போது தேவைப்படுவது இரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும். தேவையில்லாத மருந்தால் வயிற்றுப்போக்கும் ஒவ்வாமையும் வரலாம்.

டாக்டரின் மருந்துச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதை மலேசியச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால், டாக்டரையே வற்புறுத்தி வாங்கினால் அந்தச் சட்டத்தால் என்ன பயன்? இங்கே தனியார் கிளினிக்குகளே மருந்தும் கொடுக்கின்றன. கேட்டது கிடைக்காவிட்டால் நோயாளி அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார். அந்த நெருக்கடியிலும் "வேண்டாம்" என்று சொல்பவரே நம் நலம் நாடும் டாக்டர்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் தமது நோபெல் உரையிலேயே, தவறாகப் பயன்படுத்தினால் கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும் என்று எச்சரித்தார். அது பலித்துவிட்டது. 2019இல் மட்டும், மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா தொற்றுகளே சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேரின் உயிரைப் பறித்ததாக உலகளாவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது.

அதற்காக, டாக்டர் சொல்வதற்கெல்லாம் வாய்மூடித் தலையாட்ட வேண்டும் என்பதில்லை. எந்த மருந்து நமக்கு ஒவ்வாது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். பதில் புரியும்வரை விளக்கம் கேட்பது நம் உரிமை. விளக்குவது டாக்டரின் கடமை.

மாணவர்களே, அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்: எனக்கு என்ன நோய்? இந்த மருந்து எதற்கு? எந்த அறிகுறி தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும்? வீட்டில் பெரியவர்கள் ஆன்டிபயாட்டிக் கேட்டு அடம்பிடித்தால், பள்ளியில் படித்த அறிவியலை அவர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.