ஒரு வாளி நொய்யல் தண்ணீர்



அளவு பார்க்காமல் திருப்பூரில் ஒரு வேலையும் நடப்பதில்லை. துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்து ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) பார்க்கிறோம். நூலின் தடிமனுக்குக் கவுண்ட் பார்க்கிறோம். பருத்தித் துணிக்குப் பெரும்பாலும் 60 டிகிரியில் சாயம் ஏற்றுகிறார்கள். சில டிகிரி தவறினாலும் ஷேடு மாறிவிடும் என்று டையிங் மாஸ்டர்கள் மெஷினை விட்டுக் கண்ணெடுப்பதில்லை. சூட்டை இவ்வளவு மதிக்கிற ஊரின் நடுவே ஓடுகிற நொய்யல் ஆறு, இன்று காலை எத்தனை டிகிரியில் இருந்தது? போன சித்திரையில் எத்தனை இருந்தது? பதில் சொல்ல நம் வீடுகளில் ஒரு நோட்டுப்புத்தகம் இல்லை. அதை நீங்கள் தொடங்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

நொய்யல் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது உப்புதான். 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு உதவாமல் சாயக்கழிவைத் தேக்கி நின்றது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அந்தப் போராட்ட ஆண்டுகளில்தான் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் குறிக்கும் டி.டி.எஸ். என்பது வயற்காட்டிலும் புழங்குகிற சொல்லானது. இன்றும் பலர் வீட்டில் அதை அளக்கும் சின்ன மீட்டர் இருக்கிறது. அது உப்பை நேராக எடைபோடுவதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, உப்பைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. தண்ணீர் ஒரு டிகிரி சூடேறினால் அந்தக் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் கூடும். சூட்டுக்குத் தகுந்தபடி தானே திருத்திக்கொள்ளாத மீட்டராக இருந்தால், காலையில் 25 டிகிரியில் 1000 என்று காட்டிய அதே தண்ணீருக்கு மதியம் 32 டிகிரியில் 1140 என்று காட்டும். உப்பு ஒரு சிட்டிகைகூட ஏறியிருக்காது. ஆகவே உப்பை எழுதி வைக்கிறவர் பக்கத்திலேயே வெப்பநிலையையும் எழுதினால்தான் அந்த எண்ணை நம்ப முடியும்.

மீனுக்குத் தண்ணீரின் சூடு உயிர்ப் பிரச்சினை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சாக்கடை கலந்த தண்ணீரில் நிலைமை இன்னும் மோசம். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் சூட்டில் வேகம் பிடித்து, இருக்கிற ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். கோடையில் விடிகாலைகளில் குளத்து மீன்கள் செத்து மிதப்பதற்கு இது முக்கியமான ஒரு காரணம். ஆலைக் கழிவுநீர், அது சேரும் ஆற்று நீரைவிட 5 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்று நாட்டின் பொதுத் தரவிதி சொல்கிறது. ஆற்றின் சூடே தெரியாமல் அந்த விதியை யார், எப்படிச் சரிபார்ப்பது?

கடலில் தண்ணீரின் சூட்டை அளக்கும் வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1775இல் பெஞ்சமின் பிராங்க்ளின் கப்பலில் வரும்போது தெர்மாமீட்டரைக் கடலில் விட்டுப் பார்த்து, வளைகுடா நீரோட்டத்தின் (கல்ஃப் ஸ்ட்ரீம்) வெதுவெதுப்பைக் குறித்து வைத்தார். பிறகு மாலுமிகள் கயிற்றில் வாளி கட்டிக் கடல்நீரை மொண்டு அளந்தார்கள். கேன்வாஸ் வாளியின் ஈரம் காற்றில் ஆவியாக, மண்பானையில் நடப்பதுபோல உள்ளிருக்கும் தண்ணீரும் குளிர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பல கப்பல்கள் எஞ்சினுக்குள் இழுக்கும் நீரை அளந்தன. அது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். போர் முடிந்ததும் வாளி அளவுகள் மறுபடி பெருகின. இதனால் 1945இல் உலகக் கடலே திடீரென்று குளிர்ந்ததுபோல் பதிவேட்டில் ஒரு சரிவு விழுந்தது. அளக்கும் முறை மாறியதுதான் காரணம் என்று 2008இல்தான் ஆய்வாளர்கள் தெளிவாக எடுத்துக்காட்டினார்கள். முறையை மாற்றினால், மாற்றிய தேதியைக் கட்டாயம் எழுதி வையுங்கள் என்று நான் இங்கே வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு டிகிரி என்ன பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். கடல்நீரின் சூடு வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றால் பவளங்கள் வெளுக்கத் தொடங்கும். நம் மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் அதுதான் நடந்தது.

அளப்பதற்குச் செலவு அதிகமில்லை. பாதரசம் இல்லாத கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று, பிளாஸ்டிக் வாளி, கயிறு. முதலில் தண்ணீரில் நொறுக்கிய ஐஸைப் போட்டு, பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள்; அரை டிகிரி தள்ளிக் காட்டினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதும் அதே இடம், அதே நேரம். காலை ஏழு மணி என்றால் ஏழு மணிதான். வாளியை நிழலில் வைத்து, தெர்மாமீட்டரைத் தண்ணீருக்குள் இரண்டு நிமிடம் விட்டு, வெளியே எடுக்காமலே படியுங்கள். எடுத்துப் படித்தால் காற்று பட்டு எண் மாறிவிடும். பிள்ளைகள் பெரியவர் துணையோடு மட்டும் செய்யட்டும். ஆற்றில் யாரும் இறங்கவே வேண்டாம்.

வளர்மதி பாலத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு நொய்யல். ஆண்டிபாளையத்தில் குளம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நஞ்சராயன் குளத்தில் வலசைப் பறவைகளைக் கணக்கெடுக்கும் நண்பர்கள், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, பறவைப் பட்டியலோடு தண்ணீரின் சூட்டையும் சேர்த்து எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! மேற்கே பேரூரிலும் கிழக்கே ஒரத்துப்பாளையத்திலும் நமக்கு வாசகர்கள் உண்டு. அவர்களும் அதே ஏழு மணிக்கு அளந்தால், ஊருக்குள் நுழையும் முன்னும் ஊரைத் தாண்டிய பின்னும் நொய்யல் எப்படி இருக்கிறது என்று அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இடம், தேதி, நேரம், டிகிரி, அன்று மழையா வெயிலா என்ற ஒரு வரி. இவ்வளவு போதும். மாதக் கடைசியில் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள், வந்தபடியே அச்சிடுகிறோம். அளக்க முடியாமல் போன நாளின் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்