பெரியம்மா மறைச்ச எட்டு மாசம்

போன வாரம் அரியர் புலம்பல். இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ். பசங்களா, 'இது லேடீஸ் மேட்டர்'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. எழுதுற நானும் பையன்தான்!

எங்க பெரியம்மாவுக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், வயசு 56. பொங்கல் லீவுக்குப் போனப்போ, "ராஜபாளையம் வரைக்கும் பைக்ல கூட்டிட்டுப் போய்யா, வயித்துல ஒரு ஸ்கேன் எடுக்கணும்"னாங்க. ஸ்கேன் சென்டர்ல சீட்டை என் கையில கொடுத்தாங்க. வயித்து வலின்னு இருக்கும்னு பார்த்தா, 'மாதவிலக்கு நின்ற பின் ரத்தப்போக்கு, 8 மாதம்'. எட்டு மாசமா யாருகிட்டயும் மூச்சு விடலை!

"நின்னு நாலு வருஷம் ஆச்சுய்யா. திரும்ப வந்தா உடம்பு தெம்பாயிருக்குன்னுதான நெனச்சேன்..."

மதுரையில பயாப்ஸி. கர்ப்பப்பையின் உள்சவ்வுல புற்றுநோய். ஆரம்ப நிலைதான். ஆபரேஷன் முடிஞ்சு இப்ப நல்லா இருக்காங்க. ஆனா டாக்டர் கேட்ட முதல் கேள்வி எனக்கு விளங்கவே இல்லை: "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" பால்கோவா ஊர்ல இருந்துக்கிட்டு ஸ்வீட் பக்கமே போகாதவங்க எங்க பெரியம்மா. ஆனா சுகர் 11 வருஷமா உண்டு. சரி, சர்க்கரைக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம்?

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல அரியர் வெச்ச நானே சொல்றேன், கேளுங்க. செல்கள் இன்சுலின் பேச்சைக் கேட்காமப் போனா, கணையம் இன்னும் இன்னும் அனுப்பும். சுகர் ரீடிங் நார்மலாவே காட்டும், பின்னாடி இன்சுலின் மட்டும் எகிறிக்கிட்டே இருக்கும். பல வருஷம் இப்படி ஓடலாம். இன்சுலின் சர்க்கரையை மட்டும் பார்க்குற ஆளில்லை, செல்களை 'வளரு, வளரு'ன்னும் உசுப்பிவிடும். கூடவே, ஈஸ்ட்ரோஜனைப் பிடிச்சு வெக்கிற ஒரு புரதத்தைக் கல்லீரல் தயாரிக்கிறதையும் குறைச்சிடும். கட்டு அவிழ்ந்த ஈஸ்ட்ரோஜன் உள்சவ்வைத் தடிக்க வைக்கும். மாதவிலக்கு நின்ன பிறகு அதை அடக்குற புரோஜெஸ்டிரானும் இருக்காது. உடம்புக் கொழுப்போ தன் பங்குக்கு ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும்.

ரத்தத்துல இதை அளக்கலாம். வெறும் வயித்துல இன்சுலின் பார்க்கலாம், இல்லைன்னா சி-பெப்டைட். இன்சுலின் உருவாகும்போது கூடவே அதே அளவு பிறக்குற துண்டு அது. இன்சுலின் சில நிமிஷத்துல பாதியாக் கரைஞ்சுடும், இது அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும். (இன்சுலினை ரத்தத்துல அளக்க வழி கண்டுபிடிச்ச ரோசலின் யாலோ ஒரு இயற்பியல்காரங்க. 1977-ல் மருத்துவ நோபல் வாங்கினாங்க. நம்ம சைடு ஆளு!)

2007-ல் வந்த ஐரோப்பிய ஆய்வுல, சி-பெப்டைட் அதிகமா இருந்த பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் ரிஸ்க் சுமார் ரெண்டு மடங்கு. ஆனா ஈஸ்ட்ரோஜன் கணக்கைக் கழிச்சா, அதுல பெரும்பகுதி கரைஞ்சுபோச்சு. 2008-ல் அமெரிக்க ஆய்வு ஒண்ணு, ஈஸ்ட்ரோஜனைக் கழிச்ச பிறகும், ஹார்மோன் மாத்திரை எடுக்காதவங்ககிட்ட இன்சுலினுக்குத் தனிப் பங்கு இருக்குன்னு சொல்லுச்சு. ஆக, வழக்கு இன்னும் முழுசா முடியலை. அதனால லேப்ல போய் 'இன்சுலின் பாருங்க, கேன்சர் இருக்கா?'ன்னு கேட்டுடாதீங்க. அது ரிஸ்க்கோட அடையாளம், நோயைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்லை.

இந்த நோய்க்கு ஊர் பூரா ஸ்கிரீனிங் கிடையாது. உடம்பே அடிக்கிற அலாரம்தான் டெஸ்ட். இந்தப் புற்றுநோய் வந்தவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு, நின்ன பிறகு ரத்தப்போக்கு இருந்திருக்கு. அதுக்காக ரத்தப்போக்கு வந்த எல்லாருக்கும் கேன்சர்னு அர்த்தமில்லை. பத்துல ஒருத்தருக்குத்தான், அதுவும் ஆரம்பத்துலயே பிடிச்சா பெரும்பாலும் குணமாகிடும்.

ஹாஸ்டல் தோழிகளே, மூணு மாசம் தள்ளிப்போனா 'எக்ஸாம் டென்ஷன்'னு விட்டுடுறீங்கள்ல? பி.சி.ஓ.எஸ்.ஸா இருக்கலாம். அதுலயும் இன்சுலின் ஆட்டம் உண்டு, பின்னாள்ல இந்த ரிஸ்க்கும் கூடும். பெரியம்மா பொண்ணு, எங்க அக்காவுக்கும் பி.சி.ஓ.எஸ். இப்ப ஒழுங்கா டாக்டர்கிட்ட போறா.

பெரியம்மாவோ தெருவுல யாரைப் பார்த்தாலும், "உனக்கு நின்னுருச்சா? திரும்ப வந்துச்சா?"ன்னு விசாரிக்கிறாங்க. அம்மா தலையில அடிச்சுக்கிறாங்க. போன வாரம் பூக்கார அக்கா ரொம்ப நேரம் பதிலே சொல்லலையாம். மறுநாள் ரெண்டு பேரும் ராஜபாளையம் பஸ் ஏறினாங்க.